தோட்டப் பட்டணத்திலிருந்து பெரிய சைக்கிளோட்டத்துக்கு: இடம் பிடிக்க முழு வழிகாட்டி

160 கிலோமீட்டர் மிதிக்கத் தெம்பு இருந்தும் பெரிய சைக்கிளோட்டங்களில் இடம் கிடைக்காமல் நிற்கிறவர்கள் நம் மலேசியத் தோட்டப் பட்டணங்களில் நிறைய. பதிவு திறந்த அன்று வங்கிச் செயலி அனுமதி கேட்கும். கைப்பேசியை முந்தின நாள்தான் மாற்றியிருப்பார்கள், புதியதில் செயலி இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அல்லது பெயர்க் கட்டத்தில் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்) என்று அடித்ததும் படிவம் சிவப்புக் கோடு போடும். அதைத் திருத்தி முடிப்பதற்குள் கதவு மூடிவிடும். இவை எல்லாம் முன்கூட்டியே தீர்த்துவிடக்கூடிய காரியங்கள். அதனால்தான் இங்கே பயிற்சியைவிடப் பதிவுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா, பஹாவ், பெஸ்தாரி ஜெயா மாதிரி ஊர்களில் இருந்துகொண்டு உள்நாட்டு ஓட்டத்துக்கோ வெளிநாட்டு ஓட்டத்துக்கோ பெயர் கொடுக்கிறவர்களுக்கானது இது. உதாரணம் தேவைப்படும் இடங்களில் சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொள்கிறோம்.

எந்தக் கதவு என்று முதலில் பாருங்கள்

எல்லா ஓட்டத்துக்கும் ஒரே மாதிரி இடம் கொடுப்பதில்லை. முந்தியவருக்கு இடம் என்பது ஒரு முறை. மலேசியாவில் நடக்கும் பெரும்பாலான ஓட்டங்கள் இப்படித்தான்: தேதி அறிவிப்பார்கள், இணையத்தில் பதிவு திறக்கும், எண்ணிக்கை நிறைந்ததும் மூடிவிடுவார்கள். மலாக்கா செஞ்சுரி ரைட் போன்ற 160 கிலோமீட்டர் ஓட்டங்களும் பினாங்குத் தீவைச் சுற்றும் ஓட்டங்களும் இந்த வகை. பிரான்சின் எட்டாப் டு டூர் ஓட்டத்திலும் வேகமாக முந்தவேண்டும். 1993-இல் தொடங்கிய அந்த ஓட்டத்தில், தொழில்முறை வீரர்கள் அந்த ஆண்டு டூர் டி பிரான்சில் ஓட்டப்போகும் ஒரு கட்டத்தைச் சாதாரண ஆட்கள் ஓட்டலாம். டூரின் பாதை அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பிறகு பதிவு சூடு பிடிக்கும்.

இரண்டாவது முறை குலுக்கல். இத்தாலியின் மராத்தோனா டலெஸ் டோலோமிட்டெஸ் இதற்கு நல்ல உதாரணம். 1987-இல் தொடங்கியது. நீண்ட பாதை 138 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 4,230 மீட்டர். இங்கே கை வேகத்துக்கு வேலையே இல்லை. குறித்த நாள்களுக்குள் பெயர் கொடுத்தால் போதும், பிறகு குலுக்கிப் போடுவார்கள்.

மூன்றாவது, ஓட்டிக் காட்டிவிட்டு வரும் முறை. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இதில் தனி உலகம், அதற்கு ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் சைக்கிள் டூர் 1978-இல் தொடங்கியது, 109 கிலோமீட்டர். அதில் நுழைவதற்கு வேகச் சான்று தேவையில்லை. ஆனால் எந்தக் குழுவில் புறப்படுவீர்கள் என்பதை நீங்கள் முன்பு எடுத்த நேரம்தான் முடிவுசெய்யும்.

நான்காவது, கூடுதல் பணத்துக்குக் கிடைக்கும் இடம். தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டு வாங்கும் இடங்களும், தங்கும் விடுதியோடு சேர்த்துப் பயண நிறுவனங்கள் விற்கும் இடங்களும் இதில் அடங்கும்.

எந்தக் கதவு என்று தெரிந்துகொள்வது ஏன் முக்கியம்? குலுக்கல் ஓட்டத்துக்கு வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கணினி முன்னால் காத்திருக்கத் தேவையில்லை. முந்தியவருக்கு இடம் என்னும் ஓட்டத்தில் “சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சே கூடாது. ஏற்பாட்டாளரின் விதிமுறைப் பக்கத்தை முழுதாக ஒருமுறை படியுங்கள். அறிவிப்புச் சுவரொட்டியில் இருப்பது பாதிதான்.

மூன்று வாரம் முன்பே செய்து வைக்க வேண்டியவை

பெயரிலிருந்து தொடங்குவோம். நம் அடையாள அட்டையில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) உண்டு. குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. வெளிநாட்டுப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்கள் வைத்திருக்கும், சாய்கோட்டை ஏற்காது. முதற்பெயரில் உங்கள் பெயரையும் குடும்பப் பெயரில் தகப்பனார் பெயரையும் போடுங்கள். நடுவில் உள்ள ‘ஏ/எல்’ போன்றதை விட்டுவிடலாம், அல்லது சாய்கோடு இல்லாமல் சேர்த்து எழுதலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லா ஓட்டத்துக்கும் அதையே, அதே எழுத்துக்கூட்டலில் பயன்படுத்துங்கள். ஒரு சான்றிதழில் சுப்ரமணியத்துக்கு ஓர் எழுத்துக்கூட்டலும் இன்னொன்றில் வேறொன்றும் இருந்தால், பின்னால் தகுதிச் சான்று காட்டும்போது இரண்டு ஆள் என்று நினைத்துவிடுவார்கள். கடப்பிதழ் எண்ணைக் கேட்கும் ஓட்டத்துக்குக் கடப்பிதழில் உள்ள எழுத்துக்கூட்டலே சரி.

பிறந்த தேதியைக் கவனித்துப் போடுங்கள். சில படிவங்கள் நாளை முதலில் கேட்கும், சில மாதத்தை. மார்ச் 4-இல் பிறந்தவர் ஏப்ரல் 3-க்காரர் ஆகிவிட்டால், ஓட்டத் தொகுப்பு (உங்கள் எண்ணும் நேரச் சிப்பும் இருக்கும் உறை) வாங்கும் மேசையில் நின்று விளக்கம் சொல்லவேண்டி வரும்.

கைப்பேசி எண்ணுக்கு நாட்டு எண் 60. அதைப் போட்டபின் முன்னால் வரும் சுழியம் வராது. 012 என்று தொடங்கும் எண் 6012 என்று தொடங்கவேண்டும். சுழியத்தையும் சேர்த்தால் குறுஞ்செய்தி வராது. அஞ்சல் குறியீடு, சுங்கை சிப்புட் என்றால் 31100, கையோடு தெரிந்திருக்கட்டும். தோட்ட முகவரி எழுதுகிறவர்கள் தோட்டப் பெயரையும் பிரிவையும் ஒரே வரியில் அடக்கிவிடுங்கள். நீளமான முகவரியைச் சில படிவங்கள் பாதியில் வெட்டிவிடும், தபாலில் பொருள் அனுப்பும் ஓட்டமானால் அது வந்து சேராது.

அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒரு பெயர் கேட்பார்கள். உங்களோடு சேர்ந்து ஓட்டுகிற அண்ணனையோ மச்சானையோ அங்கே போடாதீர்கள். அன்று அவரும் சைக்கிள்மேல் இருப்பார், எடுக்கமாட்டார். வீட்டில் இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். இரத்த வகை தெரியாவிட்டால் மருந்தகத்திலோ இரத்ததான முகாமிலோ பார்த்துக்கொள்ளலாம். ஜெர்சி அளவுக்கு உங்களிடம் இருக்கும் சட்டையின் முத்திரையை நம்பவேண்டாம். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, ஏற்பாட்டாளர் கொடுக்கும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பதிவு முடிந்தபிறகு அளவு மாற்ற மாட்டார்கள்.

இனி வங்கி. தடுமாற்றம் அதிகம் நடக்கும் இடம் இதுதான்.

உள்நாட்டு ஓட்டங்களுக்கு இணைய வங்கி வழியாகவோ மின்பணப்பையிலிருந்தோ கட்டுவோம். முன்பு குறுஞ்செய்தியில் வந்த இரகசிய எண்ணுக்குப் பதிலாக இப்போது வங்கிச் செயலியில்தான் அனுமதி தரவேண்டும், அந்த அனுமதி ஒரே ஒரு கைப்பேசியோடு கட்டப்பட்டிருக்கும். கைப்பேசியை மாற்றினால் புதியதைப் பதிந்த பிறகு பல மணி நேரம் காத்திருக்கவேண்டும். பல வங்கிகளில் அது 12 மணி நேரம். மோசடிக்காரர்களைத் தடுக்க வைத்த ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் பதிவு நாளுக்கு முந்தின இரவு புதுக் கைப்பேசி வாங்கினால் உங்கள் இடம் போய்விடும். பண அனுப்பீட்டின் தினசரி வரம்பை உயர்த்தினாலும் இதே காத்திருப்பு வரலாம். ஐந்து பேருக்குச் சேர்த்து ஒருவரே கட்டுவதாக இருந்தால் வரம்பை ஒரு வாரம் முன்பே உயர்த்தி, சிறு தொகையைக் கட்டிப் பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டு ஓட்டத்துக்கு அட்டை தேவை. மலேசிய வங்கிகள் கொடுக்கும் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும், அட்டையை நேரில் காட்டாமல் இணையத்தில் செலவு செய்வதும் நாமாகக் கேட்டுத் திறந்தால்தான் வேலை செய்யும். செயலிக்குள் அமைப்புகளில் அதற்கான பொத்தான் இருக்கும். இரண்டையும் திறந்துவிட்டு, வெளிநாட்டுத் தளம் ஒன்றில் சிறிய பொருள் ஒன்றை வாங்கிச் சோதியுங்கள். கணக்கில் கட்டணத்தைவிடப் பத்து விழுக்காடாவது கூடுதலாக வையுங்கள். யூரோவிலிருந்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மாற்றும் வீதமும் வங்கிக் கட்டணமும் சேர்ந்தால், சரியாக எண்ணிப் போட்ட பணம் போதாமல் அட்டை நிராகரிக்கப்படும்.

ஏற்பாட்டாளர் தளத்தில் கணக்கு தொடங்க முடிந்தால் அன்றே தொடங்கி, மின்னஞ்சலை உறுதிசெய்து, கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர்களின் மின்னஞ்சல் முகவரியை உங்கள் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால் குலுக்கல் முடிவு குப்பைப் பெட்டிக்குள் போகாது. பல ஓட்டங்களில் குலுக்கலில் பெயர் விழுந்தபின் சில நாள்களுக்குள் பணம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நேரக் கணக்கு

“பத்து மணிக்குத் திறக்கும்” என்றால் எந்த ஊர்ப் பத்து மணி? பாரிஸிலும் ரோமிலும் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம்மைவிட 6 மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் 7 மணி நேரம். அதாவது அங்கே காலை பத்து என்பது இங்கே மாலை நான்கு அல்லது ஐந்து. அக்டோபர் கடைசியில் திறக்கும் பதிவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் அந்த வாரத்திலேயே கடிகாரம் மாறும். லண்டனுக்கு 7 அல்லது 8 மணி நேரம். தென்னாப்பிரிக்காவுக்கு ஆண்டு முழுக்க 6. சிங்கப்பூரும் நாமும் ஒன்று.

உள்நாட்டில் சில பதிவுகள் நள்ளிரவு 12-க்குத் திறக்கும். அந்த நேரத்தை ஒட்டிச் சில வங்கிகளின் இணையச் சேவை பராமரிப்புக்காக நிற்பது வழக்கம். அதனால் இரண்டாவது வங்கிக் கணக்கிலோ மின்பணப்பையிலோ போதிய பணம் வைத்திருங்கள்.

பதிவு நாள்

லயத்து வீட்டுக்குள் அலைவரிசை ஒரு கோடுதான் வருகிறது என்றால் அங்கே உட்கார்ந்து முயலாதீர்கள். பட்டணத்துக்கு வந்து, நல்ல இணைப்பு உள்ள வீட்டிலோ கடையிலோ உட்காருங்கள். கணினி இருந்தால் கணினி, வங்கிச் செயலிக்குக் கைப்பேசி, இரண்டும் பக்கத்தில். கைப்பேசி மின்னேற்றம் நிறைந்திருக்கட்டும்.

அரை மணி நேரம் முன்பே தளத்தில் நுழைந்து உள்நுழைவு செய்யுங்கள். முகவரி, அடையாள அட்டை எண், அவசர எண் எல்லாம் ஒரு குறிப்பேட்டுக் கோப்பில் இருக்கட்டும், எடுத்து ஒட்டலாம். எந்தத் தூரம், எந்த வயதுப் பிரிவு என்று முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். பிரிவைத் தேர்ந்தெடுக்கும் திரையில் நின்று குழுவில் “நாம எதுல போடலாம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் பிரிவு மூடிவிடும்.

மெய்நிகர் வரிசை வைத்திருக்கும் தளத்தில் ஒரு எண் கிடைத்ததும் அந்தப் பக்கத்தை விட்டு நகராதீர்கள், புதுப்பிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். புதுப்பித்தால் சில தளங்களில் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். ஒரே கணக்கை ஐந்து தாவல்களில் திறந்து வைப்பதும் உதவாது. இரண்டு தாவலில் ஒரே நேரம் கட்டண நிலைக்குப் போனால், தளம் இரண்டையும் முடக்கிவிடும் ஆபத்து உண்டு.

இடத்தைத் தேர்ந்ததும் பெரும்பாலும் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்த நேரத்துக்குள் பணம் கட்டி முடிக்கவேண்டும். வங்கித் திரைக்குப் போனபின் ‘பின்செல்’ அழுத்தினால் பணம் போயும் பதிவு வராமல் போகலாம். அப்படி நடந்தால் உடனே இரண்டாம் முறை கட்டாமல், வங்கிக் கணக்கில் தொகை கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கழிந்திருந்தால் பரிவர்த்தனை எண்ணோடு திரைப்பிடிப்பு எடுத்து ஏற்பாட்டாளருக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று நாள் கழித்து அனுப்பும் புகாருக்கு மதிப்பு குறைவு.

நண்பர்கள் கூட்டாகப் பெயர் கொடுக்க நினைத்தால் ஒருவர் ஐந்து பேருக்கு அடிப்பதைவிட ஒவ்வொருவரும் தனித்தனியே முயல்வதே நல்லது. குழுப் பதிவில் ஒருவர் தகவல் தவறினால் ஐந்து பேரும் நின்றுவிடுவீர்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு: சில ஏற்பாட்டாளர்கள் சைக்கிள் சங்கங்களுக்கு என்று தனி ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் தருவார்கள். உங்கள் வட்டாரத்துச் சங்கத்தில் சேர்ந்திருந்தால் செயலாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஓட்டத்துக்கு நிதி தரும் நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் ஊழியர் ஒதுக்கீடு இருக்கலாம்.

‘நிறைந்துவிட்டது’ என்று காட்டினால் அந்த நிமிடமே எழுந்து போகாதீர்கள். பணம் கட்டாமல் நேரம் தாண்டிய இடங்கள் அடுத்த அரை மணி நேரத்தில் திரும்பி வருவது உண்டு. காத்திருப்போர் பட்டியல் இருந்தால் அதிலும் பெயர் கொடுங்கள். ஓட்டம் நெருங்கும்போது காயப்பட்டவர்களும் விடுப்புக் கிடைக்காதவர்களும் விலகுவார்கள்.

குலுக்கலில் பொறுமை

குலுக்கலில் நாலில் ஒருவருக்கு இடம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் கிடைக்காமல் போக 75 விழுக்காடு வாய்ப்பு. மூன்று ஆண்டு தொடர்ந்து போட்டால் ஒருமுறைகூடக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 42 விழுக்காடாகக் குறைகிறது. ஆகவே ஒரு குலுக்கலை மட்டும் நம்பி விமானச் சீட்டு வாங்காதீர்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் விடாமல் பெயர் கொடுங்கள். குழுவாகப் பெயர் கொடுத்தால் எல்லாருக்கும் கிடைக்கும் அல்லது யாருக்கும் கிடைக்காது என்ற விதி இருக்கிறதா என்று பார்த்து, அதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகே சேருங்கள்.

தொண்டு நிறுவன இடங்களைப் பற்றி எங்கள் கருத்து: பவுண்டிலோ யூரோவிலோ நிதி திரட்ட ஒப்புக்கொண்டுவிட்டு வெள்ளியில் சம்பாதிக்கும் நண்பர்களிடம் கேட்பது கடினம். திரட்ட முடியாமல் போன மீதித் தொகையைச் சொந்தப் பையிலிருந்து கட்டவேண்டி வந்தாலும் தாங்குமா என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பயண நிறுவனத்தின் வழி போனால், அந்த நிறுவனத்தின் பெயர் ஓட்ட ஏற்பாட்டாளரின் அதிகாரபூர்வப் பட்டியலில் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளர் தளத்திலேயே பாருங்கள்.

இத்தாலிய ஓட்டங்களில் மருத்துவச் சான்று இல்லாமல் எண்ணைக் கையில் தரமாட்டார்கள். ஏற்பாட்டாளர் தரும் படிவத்தையே அச்சிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வேறு தாளில் எழுதி வாங்கிய சான்று ஏற்கப்படாமல் போகலாம். கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் வேண்டும், தேதி ஓட்ட நாளுக்கு ஓராண்டுக்குள் இருக்கவேண்டும். இதயத்துடிப்பு வரைவும் மூச்சுச் சோதனையும் எடுத்துவிட்டுத்தான் கையெழுத்திடுவேன் என்று மருத்துவர் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க மலையேறப் போகும் உடம்புக்கு அது தேவையான சோதனை.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்: சுங்கை சிப்புட்டிலேயே தொடங்கும் பாதை

1891-இல் தொடங்கிய இந்த ஓட்டம் இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2019, 2023-க்குப் பிறகு அடுத்தது 2027. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். பரிசு கிடையாது, தரவரிசை கிடையாது. தோட்டப் பட்டணத்து ஆளுக்கு மற்ற வெளிநாட்டு ஓட்டங்களைவிட இதன் பாதை தெளிவாக இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு, ஏனென்றால் தகுதி ஓட்டங்களை மலேசியாவிலேயே ஓட்டிவிடலாம். பாரிஸின் அவுடாக்ஸ் சங்கம் அங்கீகரிக்கும் பிரெவே ஓட்டங்களை, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நீண்ட தூர ஓட்டங்களை, இங்கே அவுடாக்ஸ் ரேண்டனர்ஸ் மலேசியா நடத்துகிறது.

நேர வரம்புகள் இவை: 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அந்த நேரத்துக்குள்தான். கணக்கிட்டால் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். வேகம் அவ்வளவு தேவையில்லை, நிற்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தவேண்டும். 200 கிலோமீட்டரை மணிக்கு 20 வேகத்தில் ஓட்டினால் சைக்கிள்மேல் 10 மணி நேரம். மீதி மூன்றரை மணி நேரத்தை ஐந்து கடைகளில் உட்கார்ந்தே கரைத்துவிடுகிறவர்கள் உண்டு.

இரண்டு படிகள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓட்டம் நடக்கும் ஆண்டில் 200, 300, 400, 600 நான்கையும் முடிக்கவேண்டும். இது தகுதி. இடம் பிடிப்பது அதற்கு முன்பே, ஆண்டுத் தொடக்கத்தில் முன்பதிவோடு தொடங்கிவிடுகிறது. 2019-இலும் 2023-இலும் முன்பதிவின் வரிசையை முடிவுசெய்தது முந்தின ஆண்டில் ஒருவர் முடித்த மிக நீளமான பிரெவே. 1,000 கிலோமீட்டர் முடித்தவர்களுக்கு முதலில் கதவு திறந்தது, பிறகு 600, 400, 300, 200 என்று படிப்படியாக. ஆகவே 2027-க்குத் திட்டமிடுகிறவர் 2026-ஐயே முதல் ஆண்டாகக் கருதவேண்டும். 2026-இல் ஒரு 600 முடித்தவர், 200 மட்டும் முடித்தவரைவிட முன்னால் நிற்பார்.

தவறு நடக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். கட்டுப்பாட்டு நிலையங்களில் முத்திரையோ, கேட்ட கேள்விக்குப் பதிலோ, படமோ எடுக்க மறந்தால் ஓட்டம் செல்லாது. கட்டுப்பாட்டு நிலையம் திறக்கும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தாலும் காத்திருக்கவேண்டும். நிலையங்களுக்கு இடையில் காரில் பின்தொடர்ந்து தண்ணீர் தரும் தம்பி இருந்தால் தகுதி இழப்பு. உதவி வாங்குவது நிலையத்தில் மட்டும். ஓட்டம் முடிந்ததும் கிடைக்கும் அங்கீகார எண்ணைப் பத்திரமாக வையுங்கள், முன்பதிவிலும் பதிவிலும் கேட்பார்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும் என்று மேலே சொன்னது இங்கேதான் கை கொடுக்கும்.

300-க்கு மேல் இரவு ஓட்டம் தவிர்க்க முடியாது. முன்விளக்கு இரண்டு, ஒன்று பழுதானால் மற்றது. பின்விளக்கு மினுக்காமல் நிலையாக எரியட்டும். ஒளிபிரதிபலிக்கும் மேலங்கி கட்டாயம். இதற்கு நம் ஊரே நல்ல பயிற்சிக்கூடம்: லிந்தாங் சாலைப் பக்கம் செம்பனைக் காட்டுக்கு இடையில் தெருவிளக்கு இல்லாத இடங்களில், விடிவதற்கு முன் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓட்டிப் பாருங்கள். விளக்கின் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறது, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பது வீட்டில் எரித்துப் பார்த்தால் தெரியாது. நாய்களும் சாலையில் படுத்திருக்கும் மாடுகளும் தோட்டத்துச் சாலையில் சாதாரணம். இறக்கத்தில் வேகத்தைக் குறைத்தே வாருங்கள்.

தூரத்தையும் குழுவையும் நேர்மையாகத் தேர்ந்தெடுங்கள்

160 கிலோமீட்டருக்கு 8 மணி நேர வரம்பு என்றால் மொத்த வேகம் மணிக்கு 20. மூன்று இடத்தில் கால் மணி நேரம் நின்றால் 45 நிமிடம் போய்விடும். மீதி 7 மணி 15 நிமிடத்தில் 160 கிலோமீட்டர் முடிக்க மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவேண்டும். தனியாக, எதிர்க்காற்றில், பத்து மணி வெயிலில் அந்த வேகம் உங்களுக்கு வருமா? வராவிட்டால் குறைந்த தூரத்தில் பெயர் கொடுங்கள். குறைந்த தூரத்தில் இடம் மெதுவாகத்தான் தீரும் என்பது கூடுதல் நன்மை. மலை ஓட்டங்களுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் ஒருமுறையாவது முழுதாக ஏறிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தைப்பூசத்தை ஒட்டி நடக்கும் ஓட்டங்களுக்குப் பெயர் கொடுக்கும்முன் விரத நாள்களை எண்ணிப் பாருங்கள். விரதத்தோடு நீண்ட தூரப் பயிற்சி ஒத்துவராது.

தொடக்கக் குழுவுக்கு நேரச் சான்று கேட்கும் ஓட்டங்கள், நேரம் கணித்த ஓட்டத்தின் அதிகாரபூர்வ முடிவையே ஏற்கும். கைக்கடிகாரப் பதிவைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் உள்நாட்டில் நேரம் கணிக்கும் ஓட்டம் ஒன்றை முடித்து, முடிவுப் பக்கத்தையும் சான்றிதழையும் சேமித்து வையுங்கள். வேகத்தைக் கூட்டிச் சொல்லி முன்குழுவில் நுழைந்தால் முதல் ஏற்றத்திலேயே பின்னால் வருகிறவர்கள் உங்கள்மேல் மோதும் ஆபத்து இருக்கிறது.

மற்றவர் எண்ணில் ஓட்டாதீர்கள்

பதிவு மூடியபின் “என் இடத்தைத் தருகிறேன், கட்டணம் மட்டும் அனுப்பு” என்று வாட்சாப், டெலிகிராம் குழுக்களில் செய்தி வரும். ஏற்பாட்டாளரே பெயர் மாற்றம் அனுமதிக்கும் காலம் இருந்தால், அவர்கள் தளத்தின் வழியே மாற்றுங்கள். அது இல்லாமல் அடுத்தவர் எண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டினால் காப்புறுதி உங்களுக்குச் செல்லாது. அதைவிடக் கொடியது, விபத்தில் நீங்கள் நினைவின்றிக் கிடந்தால் மருத்துவர் கையில் இருப்பது வேறொருவரின் இரத்த வகை, அழைப்பு போவது வேறொருவர் வீட்டுக்கு. கண்டுபிடித்தால் இருவருக்குமே தடை விதிக்கும் ஓட்டங்கள் உண்டு.

பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் முதலில் சோதியுங்கள். அனுப்பிவிட்டு ஏமாந்தது தெரிந்தால் உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு பணம் தடுக்கப்பட வாய்ப்பு.

கட்டும் முன்பே ஒத்திவைப்பு, இரத்து விதியையும் படித்துவிடுங்கள். 2017-இல் கேப் டவுன் ஓட்டம் பலத்த காற்றால் அன்றைய காலையிலேயே நிறுத்தப்பட்டது. இவ்வளவு பெரிய ஓட்டத்துக்கே அப்படி நேரும் என்றால், விமானச் சீட்டுக்கும் விடுதிக்கும் பயணக் காப்புறுதி எடுப்பது வீண் செலவல்ல.

தொகுப்பு வாங்கும் நாள்

இடம் கிடைத்தும் எண் கையில் கிடைக்காமல் போவது கடைசி இடறல். ஓட்டத் தொகுப்பைப் பெரும்பாலும் முந்தின நாள் அல்லது அதற்கு முந்தின நாளில்தான் தருவார்கள், ஓட்டக் காலையில் தரமாட்டார்கள். சனிக்கிழமை மாலை வரை வேலை இருக்கிறவர் யாரிடமாவது பொறுப்பைக் கொடுக்கவேண்டும். அவர் கையில் உங்கள் அடையாள அட்டையின் நகல், நீங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், பதிவு உறுதி மின்னஞ்சலின் அச்சு மூன்றும் இருக்கவேண்டும். நகலில் “இந்த ஓட்டத் தொகுப்பு வாங்க மட்டும்” என்று குறுக்கே எழுதிவிட்டால் வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. ஐந்து பேருக்கு ஒருவர் வாங்கினால் ஒவ்வொரு உறையையும் மேசையிலேயே திறந்து, எண்ணும் நேரச் சிப்பும் அந்தந்தப் பெயருக்கு உரியதா என்று சரிபார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். சிப் மாறிப்போனால் உங்கள் நேரம் நண்பர் பெயரில் பதிவாகும், அடுத்த ஓட்டத்துக்குக் காட்டவேண்டிய சான்றும் அதோடு போய்விடும்.